ஒன்பது பேருக்கு ஒரு பத்திரம்

நிலம் பார்க்கப் போகிற இடங்களில் எங்களிடம் முதலில் பேசப்படுவது விலை அல்ல. "சார் வரலைங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. கெலமங்கலம், ராயக்கோட்டைச் சாலை, சூளகிரிக்கு உள்ளே, பேரிகைப் பக்கம் என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சார் யாரும் இல்லை, நாங்கள்தான் வாங்குகிறோம் என்றதும் தரகர் கொஞ்சம் யோசிப்பார். "அப்ப ஆசிரமமுங்களா? முதியோர் இல்லமா?" பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து நிலம் வாங்க அவருக்குத் தெரிந்த காரணங்கள் அவ்வளவுதான்.

நாங்கள் யோசித்திருப்பது இதுதான். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரே துண்டு நிலம். ஒரு ஓரமாக 450 சதுர அடியில் ஒன்பது சின்ன வீடுகள். ஒவ்வொன்றிலும் டீ போட, கஞ்சி வைக்க ஒரு அடுப்படி. நடுவில் எல்லாருக்குமான பெரிய சமையலறை, அதை ஒட்டி நீளத் திண்ணை. பின்னால் நான்கு அறைகள், ஷிப்ட் வேலைக்கு வந்து தங்க இடம் தேடுகிற பெண்களுக்கு. மீதி நிலம் முழுக்கப் பொது. மானாவாரியில் ராகியும் அவரையும், தண்ணீர் பாய்கிற பக்கம் காய்கறியும் கீரையும். எங்களில் மூத்தவருக்கு 71 வயது. இளையவளுக்கு 26. எனக்கு 61.

நான் 1986இல் தர்மபுரிப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒசூருக்கு வேலைக்கு வந்தேன். சிப்காட் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்போது ஏக்கர் கணக்கில் விலை பேசிய நிலத்தை இன்று சதுர அடியில் பேசுகிறார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அப்போது இங்கே யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து, பெரியப்பா சித்தப்பா மகள்கள் என்று பொய் சொல்லி, தேர்ப்பேட்டைப் பக்கம் ஒரு ஓட்டு வீடு பிடித்தோம். ஒருத்தி தெலுங்கு, ஒருத்தி கன்னடம், இரண்டு பேர் தமிழ். வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்கவில்லை. வாடகை ஒன்றாம் தேதி வந்துவிடும் என்பதால் விட்டுவிட்டார். அக்கா என்ற சொல் மூன்று மொழியிலும் அக்காதான் என்பது எங்களுக்குப் பெரிய வசதியாக இருந்தது. அந்த நாலு பேரில் மூன்று பேர் இன்றைய ஒன்பது பேரில் இருக்கிறோம்.

இதைச் சொன்னால் ஊரில் பலரும், "நம்ம பழைய கூட்டுக் குடும்பம்தானே, இதுல என்ன புதுசு?" என்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தின் அடுப்படியில் நின்ற யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கூட்டு, ஆண்களுக்குள் இருந்த கூட்டு. அப்பா, மகன்கள், பேரன்கள் என்று ரத்தத்தின் வழியே நிலம் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. மகள்கள் அங்கிருந்து போகிறவர்கள். மருமகள்கள் வேலை செய்ய வந்தவர்கள். எனக்கு 1988 தை மாதம் கல்யாணம். தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989 மார்ச் 25 முதல். அதற்கு முன்னால் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது கிடையாது. பதினான்கு மாதத்தில் தப்பிப்போனது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணமான மகளுக்கும் பங்கு என்று ஆனது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பிரித்துக்கொண்ட சொத்தை அது தொடாது. எங்கள் வீட்டில் 1999இலேயே பாகப்பிரிவினையைப் பதிவு செய்திருந்தார்கள். இரண்டு முறையும் என்னைத் தோற்கடித்தது காலண்டர்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. காலண்டரை யார் பார்த்து வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே, எங்கள் பேச்சு தோட்டத்தில் ஆரம்பித்தாலும் பத்திரத்தில்தான் வந்து நிற்கிறது. சேர்ந்து வாழ்வது பற்றிய கட்டுரைகளில் கிணற்றடி, மாமரம், நிலா வெளிச்சத்தில் சாப்பாடு எல்லாம் வருகிறது. யார் பெயரில் பட்டா என்பது வருவதில்லை.

தரகர் சொன்ன வழி எளிது. பிளாட் போட்டு, அப்ரூவல் வாங்கி, ஆளுக்கொரு பத்திரம். "நாளைக்கு வேணும்னா வித்துட்டுப் போயிடலாம், பாருங்க." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. பொதுவுக்குப் பத்தில் ஒன்று, சொந்தத்துக்குப் பத்தில் ஒன்பது. எங்கள் கணக்கு கிட்டத்தட்ட தலைகீழ். தனித்தனியாக வாங்கியது தனித்தனியாகத்தான் விற்கும். பத்து வருடத்தில் அங்கே ஒன்பது காம்பவுண்டுச் சுவர் நிற்கும், நடுவில் நாய் படுத்திருக்கும் முப்பதடி ரோடு.

சரி, ஒரே பத்திரத்தில் ஒன்பது பேர் பெயரையும் போட்டு, பிரிபடாத பங்காக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டோம். வக்கீல், நாற்பது வயதுப் பெண், பொறுமையாக விளக்கினார். ஒன்பது பேரில் யாரும், அவருக்குப் பிறகு அவர் வாரிசும், எப்போது வேண்டுமானாலும் எனக்குப் பங்கு பிரித்துக் கொடு என்று வழக்குப் போடலாம். யாரும் விற்கவே கூடாது என்று பத்திரத்தில் எழுதினால் அந்த நிபந்தனையே செல்லாது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிறகு அவர் சொன்ன ஒன்று என் மனதிலிருந்து போகவில்லை. ஒரு பிரிபடாத குடும்பத்தின் வீட்டில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால், அந்த வெளியாள் வீட்டுக்குள் வந்து கூடக் குடியிருக்க உரிமை கேட்க முடியாது. அவர் பங்கு பிரிக்க வழக்குப் போட்டால், குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. குடும்பம் கலையாமல் இருக்க வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறது. "எங்களுக்கு அது உண்டா?" என்று கேட்டேன். "நீங்க குடும்பம் இல்லையே மேடம்" என்றார். நாற்பது வருடம் ஒருத்தி பிரசவத்துக்கு ஒருத்தி நின்றிருக்கிறோம். ஒருத்தி வீட்டுச் சாவுக்கு ஒருத்தி சோறாக்கியிருக்கிறோம். சட்டத்தின் கண்ணில் நாங்கள் எல்லாரும் எல்லாருக்கும் வெளியாள்.

செத்தால் யாருக்குப் போகும் என்ற கேள்வி அதைவிட மோசமானது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 15. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், அவள் தானே சம்பாதித்த சொத்து பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவனுடைய வாரிசுகளுக்கு. பெற்ற அம்மா அப்பா அதற்கும் பிறகுதான். நாராயணி தேவி என்ற பெண்ணுக்கு 1955இல் கல்யாணம். மூன்று மாதத்துக்குள் கணவன் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டிலிருந்து துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய், சேர்த்து வைத்துவிட்டு, 1996இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். பணம் யாருக்கு என்ற வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், அந்தக் கணவனின் சகோதரி மகன்களுக்கு என்றது. பரிதாபத்தை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதை வக்கீல் சொல்லி முடித்ததும் எங்கள் செவிலியர் அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். அவர் புருஷனை விட்டு வந்து 22 வருடம். கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கவில்லை. அந்த ஆளைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்காகவே போகவில்லை. பிள்ளைகள் கிடையாது. இன்றைக்கு அவர் கண்ணை மூடினால், இரவு டியூட்டி பார்த்துச் சேர்த்த பணம் அத்தனையும் அந்த ஆளுக்கு.

உயில் எழுதினால் தீர்ந்துவிடும்தானே என்று தோன்றும். எங்களில் ஆபா என்று நாங்கள் கூப்பிடுகிறவர் உருது பேசும் முஸ்லிம். அவருக்கான சட்டத்தில் உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாருக்குக் கொடுக்க முடியாது, வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய. இன்னொருவர் கிறிஸ்தவர், அவருக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். ஒரே திண்ணையில் உட்கார்ந்து அவரை உரிக்கிற ஒன்பது பேரும் சாகும்போது வெவ்வேறு சட்டத்துக்குள் போய் விழுகிறோம். உயிலை நம்பி ஒரு பொது நிலத்தைக் கட்ட முடியாது. நிலம் எங்கள் யார் பெயரிலும் இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தோம்.

அதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. தளி போகிற பக்கம், கும்ளாபுரம் அருகே நவதர்சனம். டெல்லியில் காந்தி அமைதி நிறுவனத்தை ஒட்டிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த நண்பர்கள் 1990இல் காட்டோரம் நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, அறக்கட்டளையாக வைத்தார்கள். நிலத்தின் பெரும் பகுதியை உழாமல், வெட்டாமல் விட்டார்கள். மொட்டையாகக் கிடந்த இடத்தில் காடு தானே திரும்பி வந்தது. மண் வீடுகள், சூரிய மின்சாரம். பக்கத்துக் கிராமத்தாரோடு சேர்ந்து சிறுதானியத்தில் தின்பண்டங்கள் செய்கிறார்கள். தொழிற்சாலை வளையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஓர் இடம் முப்பது வருடம் தாண்டி நிற்கிறது என்பதே எங்களுக்குத் தைரியம். நிலம் அறக்கட்டளையிடம் இருப்பதால் யாருடைய மகனும் வந்து பங்கு கேட்க முடியாது. ஆனால் எங்கள் கதை வேறு. அங்கே போனவர்கள் நகரத்தின் வசதியை விட்டு எளிமையைத் தேடிப் போனவர்கள். எங்களில் பாதிப் பேர் விறகடுப்பில் ஊதி ஊதிக் கண் கெட்டவர்கள். எங்களுக்கு கேஸ் வேண்டும், மிக்ஸி வேண்டும், நடுராத்திரி நெஞ்சு வலித்தால் ஒசூர் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

லண்டன் பக்கம் ஹை பார்னெட்டில் வயதான பெண்கள் சேர்ந்து கட்டிய ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1998இல் பேச ஆரம்பித்து 2016இல்தான் குடியேற முடிந்தது. பதினெட்டு வருடம்! ஆரம்பித்தவர்களில் சிலர் வீட்டைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 25 வீடுகளில் 8 வீடுகளை, வாங்க முடியாத பெண்களுக்கு வாடகைக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்பது பிடிக்கவில்லை. டென்மார்க்கில் 1972இல் வந்த முதல் கூட்டுக் குடியிருப்புக்கு விதை போட்டதில் ஒன்று, குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று 1967இல் போதில் க்ராவ் என்ற பெண் பத்திரிகையில் எழுதிய கட்டுரை. கிழவிகள் மட்டும் சேர்ந்து இருந்தால் வருடா வருடம் ஒரு அறை காலியாகிக்கொண்டேதான் போகும்.

அதனால்தான் அந்த நான்கு அறைகள். இப்போது ஒசூரைச் சுற்றி செல்பேசி உதிரிபாக வேலைக்கு எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், அப்புறம் ஜார்க்கண்ட், ஒடிசா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பொய் உறவு சொல்லி வீடு பிடித்த எனக்கு, ஒரு பெண்ணுக்குப் பூட்டுள்ள கதவும் சுத்தமான கழிப்பறையும் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் அது ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவில் தூங்குகிற இடம். வேலை போனால் படுக்கையும் போகும்.

எங்கள் 26 வயதுக்காரி அப்படி ஒரு விடுதியிலிருந்துதான் எங்கள் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தாள். மூன்றாவது கூட்டத்தில், எல்லாரும் சமையலறை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு முடியாமப் போறப்ப பார்த்துக்க ஆளு வேணும்னுதானே எங்களக் கூப்பிடுறீங்க?"

யாரும் பேசவில்லை. 71 வயது டீச்சரம்மாதான் கடைசியில், "ஆமாம்மா, வேணும்தான். அதைச் சும்மா செய்யச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அன்றைக்கு சமையலறைப் பேச்சை விட்டுவிட்டு இதைத்தான் பேசினோம். இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. மருமகளிடம் எதிர்பார்த்ததை அன்பு என்ற பெயரில் இன்னொருத்தி மகளிடம் எதிர்பார்ப்பதானால் எதற்கு இவ்வளவு பாடு, மகன் வீட்டிலேயே இருந்துவிடலாமே. இப்போது எங்கள் வரைவில் இருக்கிறது: உடம்பு துடைப்பது, ஆஸ்பத்திரியில் இரவு தங்குவது, மருந்து கொடுப்பது, எல்லாவற்றுக்கும் மணிக் கணக்கு, கூலி உண்டு. அதற்காக ஒன்பது பேரும் மாதா மாதம் ஒரு தொகை போட வேண்டும். வாடகைக்குப் பதில் வேலை என்பது கிடையாது. அந்த நான்கு அறைகளில் இருக்கிறவர்களுக்கும் கூட்டத்தில் ஓட்டு உண்டு. வேலை போனாலும் ஆறு மாதம் அறை உண்டு. ஓட்டு விஷயத்தில் எங்களுக்குள் சிலருக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. பணம் போட்டவளும் வாடகைக்காரியும் ஒன்றா என்கிறார்கள். ஒன்றுதான் என்பது என் கட்சி. இப்போதைக்கு ஐந்துக்கு நாலில் ஜெயித்திருக்கிறோம்.

சாதி பேசாமல் இருக்க முடியாதே. பேசினோம். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தபோது, நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று கணக்கு வைத்தார்கள். அரசாங்கம் வீட்டை அடுத்தடுத்து வைக்க முடியும். அடுப்பை ஒன்றாக வைக்க அதனால் முடியாது. எங்கள் பொதுச் சமையலறையில் மாட்டுக்கறி சமைக்கலாமா என்பதற்கு நாலு கூட்டம் போனது. சமைக்கலாம். பாத்திரம் தனி வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். தனிப் பாத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ரோஜாத் தோட்டத்து அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த ஒருவர் அடுத்த மாதத்திலிருந்து வருவதை நிறுத்திக்கொண்டார். அப்போது பத்துப் பேராக இருந்தோம்.

ரோஜாத் தோட்டத்து அக்காவுக்கு 54 வயது. பசுமைக்குடிலுக்குள் பூ வெட்டிக் கையெல்லாம் முள். மருந்தடித்த வாசனையில் இருமல். எங்களில் மண்ணைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போடப் பணம் இல்லை. தோட்ட வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும், அதுவே அவர் பங்கு என்று சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கடன்னு எழுதுங்க. மாசம் ஆயிரமோ ரெண்டாயிரமோ கட்டுறேன். வேலைன்னு எழுதாதீங்க. எழுதினா நான் அங்கயும் கூலிக்காரிதான்." அப்படியே எழுதியிருக்கிறோம். அவர் கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை, அல்லது போட்டுப் பார்த்துவிட்டு வாய் திறக்கவில்லை.

நிலம் சங்கத்தின் பெயரில். எங்களுக்கு வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை. இறந்தாலோ விலகினாலோ போட்ட பணம் திரும்பப் போகும், வாரிசுக்கோ அவரவர் சொன்ன ஆளுக்கோ. நிலத்தின் விலை ஏறியதற்குப் பங்கு கிடையாது. இதுவரை இதுதான் வரைவு. சங்கமா அறக்கட்டளையா என்பதை வக்கீல் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டுறவுச் சங்கம் என்றால் ஒன்பது பேர் போதாதாம்.

கடைசி வரியில்தான் டீச்சரம்மாவின் மகள் நிற்கிறாள். பெங்களூரில் வேலை. நல்ல பெண், அம்மா மேல் பிரியம் உள்ளவள். "அம்மா, இது முதலீடா தானமா, ஏதாவது ஒண்ணு சொல்லு" என்கிறாள். நியாயமான கேள்வி. ஒசூரில் பத்து வருடத்துக்கு முன் நிலம் வாங்கியவர்கள் இன்று என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சுக்கே இந்தப் பக்கம் சென்ட் விலை எகிறுகிறது. அந்த ஏற்றம் முழுக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறோம். மகளுக்கும் மகனுக்கும் சேர வேண்டியதைப் பிறத்தியாருக்குக் கொடுக்கிறாள் என்ற பழி, ஒரு தாய்க்கு இந்த ஊரில் சின்னப் பழி இல்லை. டீச்சரம்மாவின் பணம் இல்லாமல் இந்த நிலத்தை வாங்கவும் முடியாது. எங்கள் மொத்தத் தொகையில் கால்வாசி அவருடையது. அதனால் அவரிடம் நாங்கள் யாரும் இதைப் பற்றித் தனியாகப் பேசுவதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். பேசினால் அது பணத்துக்காகப் பேசியதாகிவிடும்.

இப்போது பேச்சில் இருக்கும் நிலம் ராயக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. உரிமையாளர் தெலுங்குக்காரர், மகன்கள் இருவரும் நிலத்தைத் தொடாதவர்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் சுத்தம். கூட்டுப் பட்டா, அதை அவர் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். ராகி அறுக்கும் மாதங்களில் சானமாவு காட்டுப் பக்கமிருந்து யானை வரும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் எச்சரித்தார். ரோஜாத் தோட்டத்து அக்கா, அப்படியென்றால் ராகியை வீட்டை விட்டுத் தள்ளிப் போடலாம் என்றார். போர் ஒன்று இருக்கிறது, தண்ணீர் வருகிறது. ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி மண்ணில் தண்ணீர் வருகிறதா என்பது பாதிக் கேள்விதான். இந்த இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கிய ஃப்ளூரைடுக்குப் பயந்துதான் 2013இல் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. என் ஊரில் நாற்பது வயதில் இடுப்பு வளையாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். லிட்டருக்கு ஒன்றரை மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது.

போன வியாழக்கிழமை நானும் 26 வயதுக்காரியும் போய் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு இரண்டு பாட்டில் பிடித்து வந்தோம். டீச்சரம்மாவும் கூட வந்தார், மகளையும் அழைத்துக்கொண்டு. அவள் வெயிலில் நின்று நிலத்தைச் செல்பேசியில் படம் எடுத்தாள், வரப்பு ஓரம் வரை நடந்துபோய்ப் பார்த்தாள், "சமையலறை எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும் என்றிருக்கிறார்கள்.